இரண்டாவது டிரைவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ரிங் ரோட்டில் வண்டியை ஓட்டியது நான் இல்லை. செகந்திராபாத்தில் எங்கள் சபைக்காரர்கள் யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர்கள் டீ குடித்த கையோடு ஜெபக் கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்களாக இருப்பார்கள். கடைசி வரை இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். அவர்களும் இப்போது என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

என் பெயர் எவாஞ்சலின். வயது அறுபத்தொன்று. பாலாநகரில் விமானத்துக்கான மின்னணுக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில், ஒயரிங் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அதே முப்பத்தொரு வருஷம் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் செலின். அங்கே ஒரு முறை உண்டு. ஒருத்தி ஒயரைப் பற்றவைத்தால் அவளே அதைச் சரி என்று எழுதிவிட முடியாது. இன்னொருத்தி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். செலின் செய்ததற்கு நான் போடுவேன், நான் செய்ததற்கு அவள் போடுவாள். அப்படி எத்தனை ஆயிரம் கையெழுத்து! என் கல்யாணப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துக்கூட அவளுடையதுதான்.

என் வீட்டுக்காரர் மேத்யூ நல்ல மனுஷர். ஆனால் ஸ்டீரிங்கை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். இருபத்தெட்டு வருஷம் இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். "நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்று கேட்டால், "அடுத்த தடவை" என்பார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார், அடுத்த தடவை வரவே இல்லை. ரிடையர் ஆனதும் முதல் வேலையாக டிரைவிங் கற்றுக்கொண்டேன், என் பெயரில் ஒரு வண்டியும் வாங்கினேன். நம் ஊர் வழியாகப் போகிற நாற்பத்துநாலாம் நம்பர் நெடுஞ்சாலை இருக்கிறதே, அது நேராகப் போய்க் கன்னியாகுமரியில்தான் முடிகிறது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ரோட்டை அதன் முனை வரைக்கும் நானே ஓட்டிப் பார்க்க வேண்டும். வேண்டுதல் எல்லாம் கிடையாது, அங்கே கல்யாணம் காட்சியும் கிடையாது. எனக்கு ஆசை, அவ்வளவுதான். அறுபது வயதுப் பொம்பளைக்கு ஆசை வரக்கூடாதா என்ன?

என் மகன் சிலாஸ் கொண்டாப்பூரில் இருக்கிறான், ஐடி வேலை. அவனிடம் சொன்னபோது முதலில் சிரித்தான். பிறகு, "ஒண்டியா நக்கோ மம்மி. ரெண்டு டிரைவர் இருந்தா போங்க" என்றான். தனியாகப் போக வேண்டாமாம்.

"செலின் வருவா."

"ஆன்ட்டிக்கு சைக்கிளே வராதே!"

"கத்துக்கினா?"

"ஹவ்" என்று தலையாட்டினான். "லைசென்ஸ் எடுத்துட்டா தாராளமா போங்க. ப்ராமிஸ்."

எட்டு மாதம். தினமும் காலையில் ஆறு மணிக்கு செலினை எழுப்பி, பரேட் கிரவுண்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கிளட்ச் எது பிரேக் எது என்று ஆரம்பித்தேன். அவள் வண்டியை எடுத்தாலே அது தவளை மாதிரி குதிக்கும். டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். "என்னால ஆவாது, விட்டுடு எவா" என்று அழுதாள். விடுவேனா? மூன்றாவது தடவை பாஸ் ஆனாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கே போய் என் கையால் பிரியாணி செய்து போட்டேன். அவள் பேத்தி எமி, நாலு வயது, பாட்டியின் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தது. நான் சிலாஸுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று பதிலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு வண்டியைத் தயார் செய்தோம். தொழிற்சாலைப் பழக்கம் எங்கே போகும்? ஒரு நோட்டில் கோடு போட்டு, செய்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று எழுதிக்கொண்டோம். கார்கானா பகுதியில் மெக்கானிக் இர்பானுடைய ஷெட். அவன் நாலு டயரும் மாற்றச் சொன்னான், மாற்றினோம். பிரேக், கூலன்ட், பேட்டரி, வைப்பர் எல்லாம் பார்த்தான். நான் அதோடு விடவில்லை. வழியில் பஞ்சர் ஆனால் யார் கையைப் பிடிப்பது? ஜாக்கி வைத்துத் தூக்கி ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொடு என்றேன். முதல் தடவை எங்கள் இரண்டு பேருக்கும் நாற்பது நிமிஷம் ஆனது, செலினின் வளையல் இரண்டு உடைந்தது. நாலாவது தடவை பதினாறே நிமிஷம். இர்பான் கைதட்டினான்.

உடம்பையும் தயார் செய்ய வேண்டுமே. கண் டெஸ்ட், பிரஷர், சுகர் எல்லாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தோம். இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்காரப் பழகினோம். ஒன்றே ஒன்றுதான் சரிப்பட்டு வரவில்லை. செலினுக்கு மத்தியானத் தூக்கம். சோறு உள்ளே போனதும் அவளுக்குக் கண் சொருகிவிடும். "அத நிறுத்துடி" என்றால், "நிறுத்திட்டேன்டி" என்பாள். நான் நம்பினேன். நோட்டிலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது ரிங் ரோட்டை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று போனோம். நூற்றைம்பத்தெட்டு கிலோமீட்டர். காலையில் பாதி நான் ஓட்டினேன். வெளியே இறங்கித் தயிர்சாதம் சாப்பிட்டோம். மீதியை செலின் எடுத்தாள். கட்கேசர் தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருக்கிறது வண்டி. நான் ஏதோ பேசிக்கொண்டே வருகிறேன், அவளிடமிருந்து பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் மூடியிருக்கிறது, தலை தொங்குகிறது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஓரத்துத் தகரத் தடுப்பை உரசுகிறது. ஐயோ, அந்தச் சத்தம்! நான் எட்டி ஸ்டீரிங்கைப் பிடித்துத் திருப்பினேன். அவள் விழித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். பின்னால் லாரி எதுவும் வரவில்லை, அதனால் இன்றைக்கு இதை எழுத நான் இருக்கிறேன்.

இறங்கிப் பார்த்தோம். என் பக்கத்துக் கதவு இரண்டும் நீளமாகக் கிழிந்திருந்தன, சைடு கண்ணாடி போயே போய்விட்டது. செலின் தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத எவா. ஒன் கால்ல விழுறேன். ஷ்ரேயாவுக்குத் தெரிஞ்சா எமிய என்கிட்ட விடவே மாட்டா."

ஷ்ரேயா அவளுடைய மருமகள். தெலுங்குப் பெண், கெட்டிக்காரி, கண்டிப்பானவள். ஆபீஸுக்குப் போகும்போது குழந்தையை செலினிடம்தான் விட்டுவிட்டுப் போவாள். அந்தக் குழந்தைதான் செலினுக்கு உயிர். எனக்கு அது தெரியாதா? "சரி, எழுந்திரு. நான் சொல்ல மாட்டேன்" என்றேன். நானே வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன். சிலாஸுக்கு போன் செய்து, "கேட்டுல உரசிட்டேன்டா" என்று சொன்னேன். வாழ்க்கையில் அவனிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். "பார்த்து மம்மி" என்றான்.

இர்பான் மட்டும் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "கேட் லகா தோ இத்தா லம்பா நை பட்தா அம்மா" என்றான். கேட்டில் உரசினால் இவ்வளவு நீளம் விழாதாம். "ஒன் வேலையப் பாருப்பா" என்றேன். நாலு நாளில் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தோம். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் பிரயாண ஜெபம். எங்கள் சபையில் யார் தூர தேசத்துக்குப் போனாலும் பெண்கள் சங்கம் வீட்டுக்கு வந்து ஜெபித்து அனுப்பும். வண்டியில் போகிறவர்கள் என்றால், வண்டிச் சாவியை நடு வீட்டில் திறந்த வேதாகமத்தின் மேல் வைப்போம். எல்லாரும் கைகோத்து நின்று ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சிலாஸ் வந்திருந்தான். ஷ்ரேயாவும் எமியைக் கூட்டிக்கொண்டு வந்து செலினுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசெல்லாம் சந்தோஷம். பெட்டி பாதி கட்டி வைத்திருந்தேன்.

பாட்டு முடிந்து கண்ணை மூடினோம். இரண்டு பேர் ஜெபித்தார்கள். மூன்றாவதாக செலினின் குரல். அவள் கை என் கைக்குள் இருந்தது.

"அன்பின் பரம தகப்பனே, ரிங் ரோட்டிலே உம்முடைய பிள்ளை எவாஞ்சலினுடைய கண்கள் அயர்ந்து போனபோது, அந்த ஸ்டீரிங்கை அடியாளுடைய கையினாலே திருப்பச் செய்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். மரண வாசலிலிருந்து எங்களை மீட்டீரே. அவளுக்கு வயதாகிறது ஆண்டவரே, அவளுடைய சரீர பலவீனத்தை நீர் அறிவீர். இந்தப் பிரயாணம் உமக்குச் சித்தமில்லையென்றால், இப்பொழுதே அதைத் தடைபண்ணும்..."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. சிலாஸ் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வழக்கத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் நடுவில் பேசுவது கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவோம். தூங்கினவள் அவள், பிடித்தவள் நான். அதையே தலைகீழாக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டே என் வீட்டில் நின்று சொல்கிறாள்! கடைசியில் எல்லாரும் ஆமென் என்றார்கள். முப்பது வருஷப் பழக்கம், என் வாயும் ஆமென் என்றது.

சிலாஸ் எழுந்து வந்தான். வேதாகமத்தின் மேலிருந்த சாவியை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். "மம்மி, ட்ரிப் கேன்சல். கார நான் இன்னிக்கே கொண்டாப்பூர் எடுத்துட்டுப் போறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். "நல்லது தம்பி, ஆண்டவர் காப்பாத்துனார்" என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சீக்காளியைத் தடவுகிற மாதிரி இருந்தது.

டீ எடுக்க அடுப்படிக்குப் போனேன். செலின் பின்னாலேயே வந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

"ஏன்டி?"

"மெதுவா பேசு எவா, ஷ்ரேயா இருக்கா."

"ஏன்டின்னு கேட்டேன்."

"ஸ்கூட்டிய சர்வீஸுக்கு விடப் போனப்ப இர்பான் அவகிட்ட சொல்லிட்டானாம், இது கேட்டுல பட்டதில்ல, ரோட்டுல பட்டதுன்னு. யார் ஓட்னதுன்னு நேத்து அவ கேட்டா. எமி என் மடியில உக்காந்துருக்கு. என்னா பண்ணுவேன் சொல்லு? வாயில ஒன் பேரு வந்துருச்சு."

"வாயில வந்துச்சு, சரி. ஜெபத்துல எதுக்குச் சொன்ன?"

"அவ நம்புன மாதிரி தெரியல. ஜெபத்துல சொன்னா நம்புவா."

"ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லுவியா?"

"அவருக்குத்தான் உண்மை தெரியுமே. அவர் மன்னிச்சுடுவார். ஷ்ரேயா மன்னிக்க மாட்டா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்கு என்னா எவா, கார்தானே. இன்னிக்கு எடுத்துகினு போவான், ரெண்டு மாசத்துல கொண்டாந்து விடுவான். நீ தாங்கிக்குவ. எப்பவும் நீதானே தாங்கிக்குவ."

கார்தானே! எட்டு மாதம் விடிகாலையில் எழுந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தேனே, அதுவும் கார்தான். நான் தாங்கிக்கொள்வேன் என்று தெரிந்துதான் என் தலையில் வைத்தாளாம். அது ஒரு பாராட்டு மாதிரி அவள் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. டீயை வடிகட்டி, டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

டீ குடித்துவிட்டுப் பத்துப் பேர் போல விடைபெற்றுப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் முடிவு ஜெபத்துக்கு எழுந்து நின்றார்கள். அதை வீட்டுக்காரிதான் பண்ண வேண்டும். சங்கத் தலைவி, "முடியுமாம்மா? நான் பண்ணட்டுமா?" என்று என்னைப் பாவமாகப் பார்த்துக் கேட்டாள். "நானே பண்றேன்" என்றேன்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். செலின் மறுபடி என் கையைப் பிடித்தாள். பயப்படவில்லை அவள். அவ்வளவு நம்பிக்கை என் மேல். நான் எமியைப் பார்த்தேன். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கை கூப்பி நின்றது. அந்தக் குழந்தைக்காகச் சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன். ஆனால் சாவி சிலாஸின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"ஆண்டவரே," என்றேன். எனக்குப் பெரிய பெரிய வார்த்தை எல்லாம் அன்றைக்கு வரவில்லை. "அன்னிக்கு வண்டி ஓட்டினது நான் இல்லை. செலின். தூங்கினது அவள். ஸ்டீரிங்கைப் பிடித்தது நான். கேட்டில் உரசினது என்று என் மகனிடம் பொய் சொன்னேன், அதை மன்னியும். அவளை நீரே பார்த்துக்கொள்ளும். என்னால் இனிமேல் முடியாது. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. என் கைக்குள்ளிருந்து செலின் கையை உருவிக்கொண்டாள். ஷ்ரேயா கத்தவில்லை. குழந்தையின் தண்ணீர் பாட்டிலைச் செலினின் தோளிலிருந்து கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அத்தய்யா, பதண்டி" என்றாள். போகலாம் வாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

செலின் வாசலில் நின்று திரும்பினாள். "முப்பத்தொரு வருஷத்துக்கு இதானா எவா?"

"அதேதான் நானும் கேக்கறேன்" என்றேன்.

கூட்டம் கலைந்தது. நானும் சிலாஸும் மட்டும் இருந்தோம். இப்போது சாவியை எடுத்து வைப்பான் என்று காத்திருந்தேன். அவன் வண்டியின் காகிதங்கள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

"சாவியக் குடுடா."

"மம்மி, ரிலாக்ஸ். நீங்க தூங்கல, ஹவ், நம்புறேன். பட் இப்ப ஆன்ட்டி இல்ல. ரெண்டு டிரைவர் இல்லன்னா ட்ரிப் இல்ல. சிம்பிள்."

"எட்டு மாசம் அவளுக்கு நான் கத்துக் குடுத்தேன்டா. நீ சொன்னதுக்காக."

அவன் சலித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். "ஆன்ட்டி லைசென்ஸ் எடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? சத்தியமா எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சுதான் அந்தக் கண்டிஷன் போட்டேன். டைரக்டா நோ சொன்னா நீங்க ஃபீல் பண்ணுவீங்கல்ல."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். செலின் பயத்தில் செய்தாள், அது எனக்குப் புரிகிறது. இவன் பாசத்தில் செய்தானாம். நான் டயர் மாற்றினது, முழங்காலை மடக்கி நீட்டினது, அவளைத் தட்டி எழுப்பினது, எல்லாவற்றையும் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டு, நடக்காத காரியம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் பெற்ற பிள்ளை. என் ஆசையை வைத்து எனக்கே வேடிக்கை காட்டியிருக்கிறான். அவனை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"வண்டி யார் பேர்லடா இருக்கு?"

"மம்மி, ப்ளீஸ்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான்."

"அப்ப எடு."

அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தான். என் கையில் கொடுக்கவில்லை, டீப்பாயின் மேல் போட்டான்.

"ஒண்டியா போங்க. வழில எது ஆனாலும் எனக்கு மட்டும் போன் பண்ணாதீங்க."

அதைக் கேட்டதும் நான் பயந்து உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரில் கூப்பிட ஒரு ஆள் இல்லையே.

"சரிடா, பண்ண மாட்டேன்" என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு மிச்சப் பெட்டியைக் கட்ட உள்ளே போனேன்.